மஞ்சள் கோடு காட்டிய வழி

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது மணி. வல்மோர் கிராமத்துத் தேவாலய வாசலில் பதினான்கு பேர் முதுகுப் பையும் கைத்தடியுமாகக் கூடியிருந்தார்கள். செஸ்நட் காட்டு வழியே ஏறி, பள்ளத்தாக்கின் விளிம்பில் கழுகுப் பாறையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு மணிக்குள் இறங்கி வந்து சாப்பாட்டில் உட்கார வேண்டும். ஊர் நடைச் சங்கம் வருடா வருடம் நடத்துகிற நடை. பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். பேக்கரிக்கார பேர்னாதெத் பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“குடிங்க, குடிங்க. மேல போனா இதுவும் கிடையாது. நம்ம தலைவர் தண்ணியக்கூட எண்ணித்தான் குடிக்க விடுவாரு.”

தலைவர் என்று அவள் சொன்னது கிலெமை. அறுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற தபால்காரர். இருபத்திரண்டு வருடங்களாக வல்மோரின் நடைபாதைகளுக்குக் குறி போடுகிறவர் அவர்தான். மரத்திலும் பாறையிலும் ஒரு மஞ்சள் கோடு இருந்தால் வழி சரி, போய்க்கொண்டே இரு. மஞ்சளில் பெருக்கல் குறி இருந்தால் இந்தப் பக்கம் வழியில்லை, திரும்பு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கோ தொலைவிலிருந்து வருகிற ஒருவர், முன்பின் தெரியாத காட்டில், அந்தக் கோட்டை நம்பித்தான் அடுத்த அடியை வைக்கிறார். அந்த நம்பிக்கையைக் கையில் டப்பாவும் பிரஷ்ஷுமாகச் சுமந்து திரிவதில் கிலெமுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

எதிரே ஆரஞ்சு நிற மேல்சட்டையோடு வேட்டைக்காரர்கள் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைவன் லெயோன்ஸ், கிலெமின் மனைவி ஒடெத்துக்கு அண்ணன். வாயில் சிகரெட்டோடு வந்து கிலெமின் தோளில் தட்டினான்.

“என்ன மாப்ள, ஆட்டு மந்தையெல்லாம் கிளம்பியாச்சா?”

“நீ உன் நாய்ங்கள எண்ணு மச்சான். என் ஆளுங்கள நான் எண்ணிக்கறேன்.”

“எங்க பன்னி இன்னிக்கு தெக்குப் பக்கம். வடக்குச் சரிவு பூராவும் உனக்குத்தான்.” லெயோன்ஸ் குரலைத் தாழ்த்தினான். “இந்த வருஷம் உனக்கு ஒரு தொந்தரவும் குடுக்கல பாரு.”

கிலெம் சிரிக்கவில்லை. போன வருடம் லெயோன்ஸ் கொடுத்த தொந்தரவை அவர் இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். போன அக்டோபரில் காட்டுப் பன்றிகள் வடக்குச் சரிவில் இருந்தன. நடக்கிறவர்கள் குறுக்கே வந்தால் பன்றி கலைந்துவிடும். “ஒரே ஒரு ஞாயித்துக்கெழம மாப்ள, பாதைய இடதுபக்கம் திருப்பி விட்டுடு” என்று லெயோன்ஸ் கேட்டான். மச்சான் கேட்கிறான், அவன் அடிக்கிற பன்றியில் ஒரு தொடை வீட்டுக்கும் வரும். சனிக்கிழமை மாலை கிலெம், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கும் பிரிவுப் பாறைக்குப் போனார். நல்ல பாதையான வலதுபக்கத்தில் பெருக்கல் குறி போட்டார். இடதுபக்கம், பழைய ஆட்டுத் தடத்தில், மஞ்சள் கோடு. அந்தத் தடம் அந்த வருடத்து வசந்தகால மழையில் நூறு அடி தள்ளிச் சரிந்து போயிருந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். வேட்டை நாளில் யார் வரப்போகிறார்கள், திங்கட்கிழமை சுரண்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை மழை. கிலெம் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து பன்றித் தொடையைச் சாப்பிட்டார்.

அதே திங்கட்கிழமைதான் சோலேன் என்கிற பள்ளி ஆசிரியை, முப்பத்து நான்கு வயது, நீல மழைச்சட்டை போட்டுக்கொண்டு தனியாக அந்த வழியில் வந்தாள். கோட்டைப் பார்த்தாள், நம்பினாள், நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை கிலெம் கம்பி பிரஷ்ஷோடு பிரிவுப் பாறைக்குப் போய்ப் பெருக்கல் குறியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கீழே பள்ளத்திலிருந்து விசில் கேட்டது. ஆறு முறை. ஒரு நிமிடம் மௌனம். மறுபடி ஆறு. மலையில் நடக்கிறவர்களுக்கு அது அரிச்சுவடி. ஆபத்தில் இருக்கிறேன், காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். கிலெமின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் பாறையைப் பார்த்து, பாதித் தேய்ந்த தன் குறியைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

“கொஞ்சம் பொறு. இதோ முடிச்சிடறேன்.”

முடித்தார். இரண்டு குறிகளையும் வெறும் கல் தெரியும்வரை சுரண்டினார். கீழே இறங்கி உதவிக்கு ஆள் அனுப்பலாம் என்றுதான் நினைத்தார். இறங்கும்போதே, நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே என்றும் நினைத்தார். வீடு வந்து சேர்வதற்குள் அது ஆடு மேய்ப்பவன் விசிலாக மாறிவிட்டது. லெயோன்ஸிடம் மட்டும் சொன்னார். அவன் சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு, “நீ எதையும் கேக்கல மாப்ள. நானும் எதையும் சொல்லல” என்றான்.

ஒன்பதாம் நாள் பிணந்தின்னிக் கழுகுகள்தான் இடத்தைக் காட்டின. அதற்கு முந்தின நாள்கூடக் கழுகுப் பாறையில் கிலெம் சுற்றுலாப் பயணிகளோடு நின்றிருந்தார். ஒரே இடத்தில் இருபத்து மூன்று கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்து அவர்கள் கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து எண்ணினார்.

கால் எலும்பு முறிந்திருந்தது, மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்றார் டாக்டர். வழி தவறிவிட்டாள் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அவள் விசில் மட்டும் கிடைக்கவில்லை.

கிலெம் அவளுக்காக வருத்தப்பட்டாரா என்று கேட்டால், பயப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். யாருக்காவது தெரிந்துவிடுமோ என்கிற பயம். ஒரு வருடமாக அது ஒன்றுதான் அவருடைய துக்கம்.

*

காடு அன்று அழகாகத்தான் இருந்தது. முள் பந்துகள் வெடித்துப் பழுப்பு செஸ்நட்டுகள் பாதை முழுக்க உதிர்ந்து கிடந்தன. ஆட்கள் குனிந்து பொறுக்கிப் பைகளில் போட்டுக்கொண்டார்கள். கீழே ஆற்றில் அந்தப் பருவத்தின் கடைசிப் படகுக்காரர்கள் துடுப்போடு கத்திக்கொண்டு போவது கேட்டது. முன்னால் கிலெம், வரிசையின் கடைசியில் பேர்னாதெத். வால் ஆளுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது, அது சங்கத்து விதி.

மூன்றாவது குறியில் கிலெம் நின்றார்.

கோடு பளபளவென்றிருந்தது. கோடைக்கு முன்னால் அவர் பூசியது, இந்நேரம் வெளிறியிருக்க வேண்டும். விரலை வைத்தார். மஞ்சள் விரலில் ஒட்டிக்கொண்டது.

ஈரம்.

“யாராச்சும் இங்க பெயின்ட் பூசினீங்களா?” என்று சங்கத்து ஆட்களைக் கேட்டார்.

“உங்க டப்பாவ நாங்க தொட்டா நீங்க எங்கள உயிரோட விட்டுருவீங்களா?” என்றாள் பின்னாலிருந்து பேர்னாதெத். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த குறியும் ஈரமாக இருந்தது. அதற்கடுத்ததும். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். அப்போதுதான் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. வழக்கமாக அது விளிம்போடு நின்றுவிடும். அன்று மரங்களுக்கிடையே புகுந்து, தரையோடு தவழ்ந்து வந்தது. படகுக்காரர்களின் சத்தம் நின்றது. ஈரமண் வாசனையோடு பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனையும் வந்தது. அவருடைய டப்பா மூடித்தான் இருந்தது, இரண்டு தடவை திறந்து பார்த்துக்கொண்டார்.

பிரிவுப் பாறைக்கு இருநூறு அடி முன்னால் ஒரு வெட்டவெளி. அங்கே எல்லோரையும் நிறுத்தித் தலைகளை எண்ணினார்.

பதினைந்து.

மறுபடி எண்ணினார். பதினான்கு.

பேர்னாதெத் அவர் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். “நாந்தானே வால் ஆளு?”

“ஆமா. ஏன்?”

“எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு. நீலச் சட்ட. முன்னாடி போம்மான்னு ரெண்டு தடவ சொன்னேன். பதில் இல்ல. கால நொண்டி நொண்டி வந்துச்சு.” அவள் பனியைத் திரும்பிப் பார்த்தாள். “இப்ப காணோம்.”

“வேற யாராச்சும் நடக்கறவங்களா இருக்கும். எல்லாரையும் உக்கார வை. நான் முன்னாடி போய்ப் பாதை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்.”

உண்மையில் அவர் பிரிவுப் பாறையைத்தான் பார்க்க ஓடினார். அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது, அவர் கையாலேயே சுரண்டியது. பனியில் பாறை மெல்ல உருக்கொண்டது.

வலதுபக்கம் பெருக்கல் குறி.

இடதுபக்கம் கோடு.

அவருடைய கைதான். கோட்டின் முடிவில் பிரஷ்ஷை லேசாகத் தூக்குவது அவர் பழக்கம். அந்த வால்கூட அப்படியே இருந்தது. மஞ்சள் வழிந்து பாறையின் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

கிலெம் கம்பி பிரஷ்ஷை எடுத்துச் சுரண்டினார். சரக், சரக். மஞ்சள் சிராய் சிராயாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் கல் தெரியவில்லை, அடியிலும் மஞ்சளே இருந்தது. இன்னும் அழுத்தினார். விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது.

கீழேயிருந்து விசில் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

கை நின்றுவிட்டது. ஒரு நிமிடம் காட்டில் ஓர் இலைகூட விழவில்லை. பிறகு மறுபடி ஆறு. போன வருடம் அவர் காதில் விழுந்தது போலவே, கடைசி விசில் மட்டும் மூச்சுப் போதாமல் கம்மியது.

வெட்டவெளியிலிருந்து பேர்னாதெத்தின் குரல் வந்தது. “தலைவரே! கேட்டுச்சா? ஆறு! யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க!”

பதினான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இந்த விசிலை ஆடு மேய்ப்பவன் தலையில் கட்ட முடியாது. போகாமல் இருக்கவும் முடியாது.

“கேட்டுச்சு! நான் போறேன்! யாரும் அசையாதீங்க!” என்று கத்தினார். பிரஷ்ஷைப் பாறையடியில் போட்டுவிட்டு இடதுபக்கம் இறங்கினார்.

பயந்துகொண்டேதான் போனார், ஆனால் கவனமாகப் போனார். சரிவு எங்கே என்று அவருக்குத் தெரியும். குட்டையான ஜூனிப்பர் மரம் ஒன்று நிற்கும், அதற்கு ஒரு கஜம் தள்ளித் தடம் முடிந்துவிடும். மரத்துக்கு இப்பால் நின்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். இடமும் வலமும் அவர் ஒருநாளும் பூசாத கற்களில் மஞ்சள் கோடுகள் நின்றன. பத்தடிக்கு ஒன்று. வா, வா, வழி சரிதான்.

ஜூனிப்பர் வந்தது. கிலெம் அதன் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பால் வெள்ளைப் பனி மட்டும் இருந்தது.

“யாரது? யாரு கீழ?”

பதில் இல்லை. விசிலும் இல்லை.

தப்பித்தோம் என்று நினைத்தார். போய் ஒருவரும் இல்லையென்று சொல்லிவிடலாம். வந்த வழியே திரும்பினார்.

எதிரே இருந்த கல்லில் பெருக்கல் குறி.

ஒரு அடி வைத்தார். அடுத்த கல்லிலும் பெருக்கல் குறி. மரத்தில், வேரில், தரையில் கிடந்த சப்பைக் கற்களில், வந்த வழி முழுவதும் மஞ்சள் பெருக்கல் குறிகள். வழியில்லை. வழியில்லை. வழியில்லை.

அந்தக் குறிகளுக்கு நடுவே, பனியில், நீலமாக ஏதோ நின்றது. நொண்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வந்த வழியே ஓடியிருப்பார்கள். கிலெம் குறி போடுகிறவர். இருபத்திரண்டு வருடங்களாகப் பெருக்கல் குறியைக் கண்டால் அவர் கால் தானாகவே திரும்பும், மூளையைக் கேட்காது. கால் திரும்பியது. பக்கத்துப் பாறையில் ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. அவருடைய கோடு, முடிவில் அவருடைய சின்ன வால். இருபத்திரண்டு வருடத்தில் அது பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான், அதுவும் அவர் சொல்ல வைத்ததால்.

அதை நம்பி அடி வைத்தார்.

அடியில் தரை இல்லை.

*

கண் விழித்தபோது ஒரு குறுகிய பாறைத் திட்டில் கிடந்தார். இடதுகால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடையதோ போல மடங்கிக் கிடந்தது. கீழே எங்கோ ஆறு ஓடியது. செல்போனில் சிக்னல் இல்லை, அந்தப் பள்ளத்தில் ஒருகாலும் இருந்ததில்லை. கத்திப் பார்த்தார். பனி குரலை அப்படியே விழுங்கிக்கொண்டது. சொந்த விசிலை அவர் ஒரு வருடமாக மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார், தொடவே பிடிக்காமல்.

தடவிய கையில் கல்லிடுக்கில் ஏதோ தட்டுப்பட்டது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசில். வாய் வைக்கும் இடத்தில் பல் பதிந்த தடம் இருந்தது.

அதை வாயில் வைக்க உடம்பு கூசியது. வேறு வழியில்லை. ஊதினார்.

ஆறு முறை. ஒரு நிமிடம் காத்திருந்தார். மறுபடி ஆறு.

அப்போது மேலேயிருந்து சத்தம் வந்தது.

சரக், சரக்.

கம்பி பிரஷ் பாறையில் தேய்கிற சத்தம். நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர்கள் தேய்ப்பது போல.

“பேர்னாதெத்! நீயா? கீழ இருக்கேன்! கீழ!”

தேய்ப்பது நின்றது. மஞ்சள் கலந்த தண்ணீர் ஒரு சொட்டு மேலேயிருந்து அவர் கன்னத்தில் விழுந்தது. விளிம்பில், பனிக்குள், நீலச் சட்டையின் கை தெரிந்தது.

“அம்மா… தாயே… தப்புதான். நான் பண்ணினது தப்புதான். ஒடெத் பாவம். என்ன விட்டுடு. காப்பாத்து.”

மேலேயிருந்து ஒரு பெண் குரல் மென்மையாகச் சொன்னது.

“கொஞ்சம் பொறுங்க. இதோ முடிச்சிடறேன்.”

சரக், சரக்.

*

வெட்டவெளியில் ஒரு மணிநேரம் காத்திருந்துவிட்டு பேர்னாதெத் எல்லோரையும் கீழே கூட்டிவந்தாள். அதற்குப் பிறகு தங்களுக்கு விசிலே கேட்கவில்லை என்றார்கள் பதினான்கு பேரும். முதலில் கேட்டது வலதுபக்கம்தான் என்று அவள் சத்தியம் செய்தாள். தேடப் போனவர்கள் பிரிவுப் பாறையைப் பார்த்தார்கள். அதில் ஒரு குறியும் இல்லை, வெறும் கல். அடியில் கம்பி பிரஷ் கிடந்தது. வலதுபக்கம் மூன்று நாள் தேடினார்கள்.

ஒடெத் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அண்ணா, அந்தக் காட்டுல உனக்குத் தெரியாத இடமே கிடையாதே. அவர் எங்க போயிருப்பாரு? எதாவது தோணுதா?”

லெயோன்ஸுக்குத் தோன்றியது. முதல் நாளே தோன்றியது. ஆட்டுத் தடம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அங்கே ஏன் போயிருப்பான் என்று அடுத்த கேள்வி வருமே.

“எனக்கு என்னம்மா தெரியும்?” என்றான்.

ஒன்பதாம் நாள் கழுகுகள் வட்டமிட்டன. மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்றார் டாக்டர். விசில் ஏதும் அவரிடம் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை லெயோன்ஸ் வீட்டு இரும்புக் கேட்டுத் தூணில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. ஈரமாக, முடிவில் ஒரு சின்ன வாலோடு. துடைத்துப் போட்டான். மறுநாள் அது வாசல் கதவில் இருந்தது. நாய்கள் குரைக்கவில்லை, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டன. மூன்றாம் நாள் மாடிப்படியின் முதல் கம்பத்தில் இருந்தது. எல்லாக் கோடுகளும் தெருவைப் பார்த்த பக்கத்தில்தான் இருந்தன. குறி எப்போதும் நடந்து வருகிறவர் கண்ணில் படும்படிதான் போட வேண்டும், கிலெம் அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள் காலை படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்தான். வெளிப்பக்கத்தில் கோடு இருந்தது.

மாடியிலேயே இருந்த சமையலறைக்கு ஓடிப்போய், வெளிப்படிக்குத் திறக்கும் பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான். கதவின் உட்பக்கம், அவன் முகத்துக்கு நேரே, மஞ்சளில் பெரிய பெருக்கல் குறி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் யாரோ நொண்டி நொண்டி ஏறுகிற சத்தம் கேட்டது.